நோன்புக் கஞ்சியும் நீரிழிவும்

உம்மாவுக்கோ வாப்பாவுக்கோ நீரிழிவு இருக்கிறதா? அப்படியானால் ரமழானில் அவர்களது சீனியின் அளவு பெரும்பாலும் உங்கள் அடுப்படியில்தான் ஏறி இறங்குகிறது, சகோதரிகளே!

நோன்பு திறந்ததும் குடிக்கும் கஞ்சியை நாம் உணவாகவே எண்ணுவதில்லை. குழைய வெந்த அரிசி இரத்தத்தில் சீனியை விரைவாக ஏற்றும். எனவே ஒரு கோப்பைக் கஞ்சியைச் சோற்றுக் கணக்கில் சேருங்கள். அதற்கு மேல் சமூசா, ரோல்ஸ், பலூடா, பிறகு இராச் சோறும் என்றால் எந்த மாத்திரைதான் ஈடுகொடுக்கும்? பேரீச்சம்பழம் ஒன்றிரண்டு போதும், தாகத்துக்குத் தண்ணீர். வட்டிலப்பத்துக்குக் கித்துள் கருப்பட்டிதானே போட்டது என்று சமாதானம் சொல்வாருண்டு. கருப்பட்டியும் சீனிதான், நிறம் மட்டுமே வேறு.

ஸஹரைத் தவறவிடாமல், கூடுமான வரை பிந்திக் கொடுங்கள். தவிடு நீக்காத சிவப்பரிசிச் சோறு கொஞ்சம், பருப்பு, மீன் அல்லது முட்டை, வல்லாரைச் சுண்டல்.

மருந்தின் அளவையும் நேரத்தையும் ரமழானுக்கு முன்பே வைத்தியரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது. டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் குறைந்தாலோ 300ஐத் தாண்டினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை இதற்குத்தானே!

நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் கண்டால் சீனி இறங்கியிருக்கக் கூடும். மஃரிபுக்கு அரை மணிதானே என்று பொறுத்திருக்கச் சொல்லாதீர்கள். நினைவோடு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீரை உடனே கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி சோதியுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.