பேஸ் கிடார்காரரின் காது

கோயில் கொடைக்கு ஆர்கெஸ்ட்ரா வைத்திருக்கிறார்கள். குடும்பத்தோடு போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். பாடுகிறவரைப் பார்ப்பீர்கள். கீபோர்டுக்காரரைப் பார்ப்பீர்கள். டிரம்ஸ் அடிக்கிற பையன் குச்சியைச் சுழற்றினால் குழந்தைகள் கை தட்டுவார்கள். அவன் பக்கத்தில் நீளக் கழுத்துக் கிடாரை மாட்டிக்கொண்டு, நான்கே நான்கு தந்திகளைத் தட்டிக்கொண்டு ஒருவர் நிற்பாரே, அவரைக் கவனித்ததுண்டா? அவர்தான் பேஸ் கிடார்காரர். அவர் கையை எடுத்துவிட்டால் பாட்டு சப்பென்று ஆகிவிடும். ஆனால் எது குறைந்தது என்று கூட்டத்துக்குச் சொல்லத் தெரியாது.

இந்த வாத்தியத்துக்கு வயது அதிகமில்லை. 1951-இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொண்டுவந்த 'பிரிசிஷன் பேஸ்'தான் இன்றைக்கும் முன்மாதிரி. அதற்கு முன்பு ஆள் உயர டபுள் பேஸை நிறுத்திவைத்து வாசித்தார்கள். நம் ஊரில் சாதாரண ரசிகர்களின் காதுக்கும் பேஸ் எட்டியது 1980-களின் இளையராஜா பாடல்களில்தான். நான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்த நாளில், விடுதி அறையில் ஒரே கேசட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, பேஸ் மட்டும் எப்படிப் போகிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிற நண்பர்கள் இருந்தார்கள். அந்த வயசுக்காரர்கள் பலர் இன்றும் ஊர் ஊராக மேடை ஏறுகிறார்கள்.

இவர்களில் பாதிப் பேருக்கு இது தொழில் இல்லை. ஒருவர் மின்வாரியத்தில் இருப்பார், ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியர், ஒருவர் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பார். சித்திரை, ஆடி, பங்குனி என்றால் கொடைவிழா. முகூர்த்த நாளென்றால் கல்யாண ரிசப்ஷன். மாலை ஆபீஸ் விட்டதும் வேன் ஏறுகிறார்கள். கிடைக்கிற பேமெண்ட் தந்தி மாற்றவும் பெட்ரோலுக்கும் சரியாகப் போய்விடும். 'பிறகு எதுக்கு இந்தப் பாடு?' என்று வீட்டில் கேட்டால் அவர்களிடம் பதில் இருக்காது. சிரிப்பார்கள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். கணவருக்கு நாற்பத்து நான்கு வயது, கூட்டுறவு வங்கியில் எழுத்தர். வலது காதில் 'ங்ஙொய்ய்' என்று ஓயாத இரைச்சல். இராத்திரி ஊர் அடங்கினால் அது பெரிதாகிவிடுகிறது, தூக்கம் இல்லை. "காதுக்கு ஒரு தைலம் கொடுங்கய்யா, போதும்" என்றார்.

மனைவி பொறுக்கவில்லை. "டாக்டர், அது மட்டுமில்ல. நான் சொல்றது எதுவும் இவரு காதுல ஏறவே மாட்டேங்குது. மூணு தடவ கூப்பிடணும். சின்னவ பேசினா 'என்ன, என்ன'ங்கிறாரு. வேணும்னே பண்றாரோன்னு நானும் சண்ட போட்டுட்டேன். ஆனா மேடையில மட்டும் ஒரு சுரம் தப்பாது!"

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது ஐயா. பேஸ் துல்லியமா விழுது" என்றார் அவர்.

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. கேட்க விசித்திரமாக இருக்கிறதா?

கீழ் சுரம் கேட்கும், குழந்தை பேச்சு கேட்காது

நம் உள்காதில் நத்தைக்கூடு போல ஓர் உறுப்பு இருக்கிறது. ஒவ்வொரு காதிலும் அதற்குள் சுமார் 15,000 மயிரணுக்கள். ஒலி அலையில் இவை அசைந்துதான் செய்தி மூளைக்குப் போகிறது. கூட்டின் வாசலில் இருப்பவை கீச்சென்ற மேல் ஒலிகளுக்கு, உள்ளே கடைசிச் சுற்றில் இருப்பவை கனத்த கீழ் ஒலிகளுக்கு. பெருஞ்சத்தத்தில் முதலில் அடிபடுவது வாசல் பக்கம்தான். பெரும்பாலும் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள இடம். பேஸ் கிடாரின் தடித்த தந்தி எழுப்பும் சுரமோ 41 ஹெர்ட்ஸ். மெல்லிய தந்திகூடச் சும்மா தட்டினால் 98தான்.

ஆக, பேஸ்காரருக்குத் தன் வாத்தியம் கடைசி வரை கணீரென்று கேட்டுக்கொண்டிருக்கும். போவது 'ச', 'ஸ', 'த', 'ப' போன்ற எழுத்துகளின் கூர்மை. பேச்சு விழும், ஆனால் என்ன சொன்னார்கள் என்று புரியாது. அதிலும் பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் முதலில் மங்கும். அந்த வீட்டில் இரண்டு மூன்று வருஷமாக நடந்த சண்டைக்கு இதுதான் காரணம். 'வேணும்னே பண்றாரு' என்று நினைக்கிற வீட்டுக்காரம்மாக்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கவும்.

வலது காது ஏன்? மேடையில் பேஸ்காரர் டிரம்ஸை ஒட்டித்தான் நிற்பார். காலால் மிதிக்கும் பெரிய டிரம்மும் பேஸும் ஒரே அடியில் விழ வேண்டும், அதுதான் அவர் வேலையே. இவர் நிற்பது டிரம்ஸ்காரருக்கு இடப்பக்கம். பித்தளைத் தட்டுகள் எல்லாம் இவருடைய வலது காதுக்கு ஒரு முழ தூரத்தில். காதைக் கெடுத்தது பேஸ் இல்லை, அந்தத் தட்டுகள்!

சத்தத்துக்கு ஒரு கணக்கு உண்டு. 85 டெசிபலை எட்டு மணி நேரம் வரை காது தாங்கும் என்று வைத்திருக்கிறார்கள். அதற்குமேல் மூன்று டெசிபல் கூடினால் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். 88 என்றால் நாலு மணி, 91 என்றால் இரண்டு மணி... 100 டெசிபலுக்குப் பதினைந்தே நிமிஷம். கச்சேரி மேடையில் 100 என்பது சர்வசாதாரணம். ஒரு குத்துப்பாட்டும் ஒரு மெலடியும் முடிவதற்குள் அன்றைய கோட்டா தீர்ந்துவிடுகிறது. மீதி இரண்டரை மணி நேரம் கடன்.

இரைச்சல் ஒரு காதில் மட்டும் என்றால் வேறு காரணமும் இருக்கக்கூடும். எனவே மருந்து எழுதுவதற்கு முன்பே அவரைக் காது மூக்கு தொண்டை நிபுணரிடம் அனுப்பி, ஆடியோகிராம் எடுத்துவரச் சொன்னேன். கோடு 4,000 ஹெர்ட்ஸில் கிணறு மாதிரி இறங்கியிருந்தது. மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை.

இப்போது தைலத்துக்கு வருவோம். காது இரைச்சலை எங்கள் வைத்தியத்தில் வளி கெட்டதாகப் பார்ப்போம். இரவு விழிப்பு வளியைக் கூட்டும், எண்ணெய்க் குளியல் தணிக்கும். தூக்கம் சரியானால் இரைச்சலின் தொந்தரவும் குறைவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். ஆனால் செத்துப்போன மயிரணுவை முளைக்க வைக்கும் சூரணமோ தைலமோ என்னிடம் இல்லை. அலோபதியிலும் இல்லை. 'மூன்றே மாதத்தில் காது திரும்பும்' என்று யார் விளம்பரம் செய்தாலும் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இதை அவரிடம் நேராகவே சொன்னேன். முகம் சுண்டிவிட்டது, பாவம்.

இன்னொன்று. பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் இது ஆபத்து. மருத்துவர் காதைப் பார்க்காமல் ஒரு சொட்டும் விடாதீர்கள். இரவு நன்றாகக் கேட்ட காது காலையில் திடீரென்று அடைத்துப்போய்க் கேட்கவில்லை என்றால், எண்ணெய் வேண்டாம், என்னிடமும் வர வேண்டாம். அன்றைக்கே காது மருத்துவரிடம் ஓடுங்கள். அதற்கு மருந்து நாள் கணக்கில் தாமதமானால் பலன் குறையும்.

என்ன செய்யலாம்?

பஞ்சு அடைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் நன்றாகத் தடுக்கும். ஆனால் மேல் சுரத்தை அதிகம் தின்றுவிடுவதால் பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். வாத்தியக்காரர்களுக்கென்றே எல்லாச் சுரத்தையும் ஒரே அளவில் குறைக்கிற அடைப்பான்கள் இருக்கின்றன. விலை கூடுதல்தான். ஆனாலும் ஒரு செட் நல்ல பேஸ் தந்தி வாங்க யோசிக்காதவர்கள் இதற்கு மட்டும் யோசிப்பது எனக்குப் புரியவில்லை.

டிரம்ஸிலிருந்து நாலடி தள்ளி நின்றாலே வித்தியாசம் தெரியும். பேஸ் ஆம்பைத் தரையில் வைத்தால் சத்தம் முழங்காலுக்குத்தான் போகும். தனக்குக் கேட்கவில்லையென்று இவர் வால்யூமை ஏற்றுவார், கீபோர்டுக்காரர் அவர் பங்குக்கு ஏற்றுவார்! ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்துக் காதைப் பார்க்கத் திருப்பினால் பாதிச் சத்தத்தில் வேலை முடியும். இதை எனக்குச் சொல்லித் தந்தவரே ஒரு பேஸ்காரர்தான்.

கை விஷயம் சுருக்கமாக. பேஸின் தந்தி நீளம் 34 அங்குலம். தலைப்பக்கம் நாலு விரலையும் நாலு கட்டையில் வைக்க ஏறக்குறைய ஐந்து அங்குலம் விரிக்க வேண்டும். வாத்தியம் நாலு கிலோ, அதுவும் ஒரே தோளில். வாரை இறக்கிக் கட்டி, இடுப்புக்குக் கீழே தொங்கவிடுவது பார்க்க ஸ்டைல். மணிக்கட்டு மடங்கி நரம்பு அழுந்தும். வாரை அகலமாக்குங்கள், வாத்தியத்தை மேலே தூக்குங்கள். வீங்காத சாதாரண வலிக்கு நொச்சி இலை ஒற்றடமும், இரவில் உளுந்துத் தைலம் இளஞ்சூடாகத் தடவுவதும் சுகம் தரும். சுண்டுவிரல் மரத்துப்போனால் தைலத்தோடு நிற்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

கோயில் மேடையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவார்கள். தண்ணீர் தெளித்த தரை, கையில் உலோகத் தந்தி, வாய்க்கு எதிரே மைக், எங்கிருந்தோ இழுத்த கரண்ட்! எர்த் சரியில்லை என்றால் உயிருக்கே ஆபத்து. காலுக்கடியில் ஒரு ரப்பர் பாயும், மைக்கைத் தொடுவதற்கு முன் டெஸ்டர் வைத்துப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். இதற்கு வெட்கப்படக் கூடாது.

அடுத்தது தூக்கம். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு விதிகளே இருக்கின்றன. விழா நாட்களுக்கு, வருஷத்தில் பதினைந்து நாளுக்கு மிகாமல், அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம். பத்துக்கே முடிந்தாலும் ஒயர் சுருட்டி, பேமெண்ட் வாங்கி, வழியில் புரோட்டா சால்னா சாப்பிட்டு வீடு சேரும்போது மணி மூன்று. பத்து மணிக்கு வங்கியில் இருக்க வேண்டும்.

தேரையர் சித்தர் பகல் தூக்கம் கூடாது என்கிறார். இரவு ஒழுங்காகத் தூங்கியவனுக்குச் சொன்னது அது என்பது என் கருத்து. கண் விழித்தவர் மறுநாள் சாப்பாட்டுக்கு முன் அரைமணி படுப்பதில் தப்பில்லை. வயிறு நிறையத் தின்றுவிட்டுப் படுப்பதுதான் தப்பு. மேடைக்கு முன் இட்லியோ இடியாப்பமோ வீட்டிலேயே சாப்பிட்டுப் போகட்டும். திரும்பும்போது பசித்தால் சீரகம் போட்ட மோர், ஒரு வாழைப்பழம். எண்ணெய்க் குளியலைக் கச்சேரி நாளிலும் அதற்கு மறுநாளிலும் வைத்துக்கொள்ள வேண்டாம். நடுவில் ஓய்வான நாளில் வையுங்கள். வேன் டிரைவர் தூங்கினாரா என்று கேட்பதும் உங்கள் ஆரோக்கியத்தில் சேர்த்திதான்.

அந்த அம்மா என்னைக் கேட்டது இது: "பேசாம கிடாரை விட்டுரச் சொல்லுங்க டாக்டர். நீங்க சொன்னா கேப்பாரு."

நான் சொல்லவில்லை. இருபது வருஷமாகச் செய்துவந்ததை ஒருவர் ஒரே நாளில் நிறுத்தினால், இரைச்சலைத் தவிர கேட்க வேறொன்றும் இல்லாமல் உட்கார்ந்திருப்பார். அப்படி மனம் ஒடிந்த இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன். மாதத்துக்கு ஆறு புரோகிராமை இரண்டாகக் குறைக்கச் சொன்னேன். அடைப்பான் இல்லாமல் மேடை ஏறக் கூடாது. வீட்டில் பழகும்போது ஹெட்போன் கூடாது. வருஷம் ஒரு ஆடியோகிராம். அம்மாவிடம், பின்னாலிருந்து கூப்பிடாமல் எதிரே வந்து, டி.வி.யை நிறுத்திவிட்டுப் பேசச் சொன்னேன். சின்னவளுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தார்கள்.

ஒரு வருஷம் கழித்து எடுத்த கோடு பழைய கோட்டின் மேலேயே இருந்தது. ஏறவில்லை, இறங்கவும் இல்லை. இரைச்சல் இருக்கிறது, இராத்திரி மின்விசிறிச் சத்தத்தில் மறந்து தூங்கிவிடுவதாகச் சொன்னார். டிரம்ஸ் அடிக்கிற பையனுக்கும் இரண்டு அடைப்பான் வாங்கிக் கொடுத்தாராம். அவன் இன்னும் போடவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.