மைசெல்ஃப் எங்கே வரும்?

வைகை அணைப் பூங்காவுக்குச் சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்தால் இரண்டு வாக்கியங்கள் அடிக்கடி காதில் விழும். ஒன்று, "மைசெல்ஃப் முருகன்." மற்றது, "வீ என்ஜாய்டு வெரி மச்." முதலாவதில் வேண்டாத இடத்தில் வந்து உட்கார்ந்த 'செல்ஃப்', இரண்டாவதில் வேண்டிய இடத்தில் வராமல் போய்விட்டது.

பிள்ளைகளைக் குறைசொல்ல மாட்டேன். 'நான் முருகன்' என்ற தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல்லே கிடையாது. முருகன் என்ற பெயரே பயனிலையாக நின்றுவிடுகிறது. ஆங்கிலம் அப்படி நிற்காது, அதற்கு வினை வேண்டும். 'ஐ ஆம் முருகன்' என்றாலே போதும்.

செல்ஃப் வருவதற்கான முதன்மைக் காரணம் இது: செயலைச் செய்கிறவரும் அந்தச் செயல் போய்ச் சேருகிறவரும் ஒரே ஆள். கரையில் குனிந்து தண்ணீரில் தன் முகத்தைப் பார்க்கிறான் ஒரு பையன். 'ஹீ சா ஹிம்செல்ஃப் இன் த வாட்டர்.' அங்கே 'ஹிம்' என்று மட்டும் சொன்னால் அவன் பார்த்தது வேறொருவனை. என்ஜாய் என்ற வினைக்கும் எதை என்ற கேள்விக்கு விடை வேண்டும். 'வீ என்ஜாய்டு த ட்ரிப்' சரி. 'வீ என்ஜாய்டு அவர்செல்வ்ஸ்' சரி. ஒருவர் என்றால் செல்ஃப், பலர் என்றால் செல்வ்ஸ். நாம் பலர், ஆகவே 'அவர்செல்ஃப்' ஆகாது.

தமிழில் இந்த வேலையைப் பெரும்பாலும் 'கொள்' என்ற துணைவினை பார்த்துக்கொள்கிறது. ஆனால் கொள் வந்த இடத்திலெல்லாம் செல்ஃப் போட முடியாது. தவறிக் கத்தி பட்டு வெட்டிக்கொண்டவர் 'ஐ கட் மைசெல்ஃப்' என்பார். சவரம் செய்துகொண்டவருக்கோ 'ஐ ஷேவ்டு' என்பதே போதும்.

உண்மையான சிக்கல் 'தன்னை' என்ற சொல்லில்தான் இருக்கிறது. 'மாணிக்கம் தன்னைத் தேடியதாகக் கண்ணன் சொன்னான்.' மாணிக்கம் தேடியது யாரை? கண்ணனைத்தான் என்று தமிழ்க்காது உடனே பிடித்துக்கொள்ளும். இதை அப்படியே ஆங்கிலமாக்கி 'கண்ணன் செட் தட் மாணிக்கம் வாஸ் லுக்கிங் ஃபார் ஹிம்செல்ஃப்' என்று எழுதினால், பாவம், மாணிக்கம் தன்னையே தேடிக்கொண்டிருப்பார். அங்கே 'ஹிம்' என்றுதான் வர வேண்டும். தமிழின் 'தன்' உள்வாக்கியத்தின் கரையைத் தாண்டி வெளியே இருக்கிற எழுவாயைப் போய்த் தொடும். ஆங்கிலத்தின் செல்ஃப் அந்தக் கரைக்குள்ளேயே நிற்கும். இந்த ஒரு வேறுபாட்டை வகுப்பில் நிதானமாகச் சொல்லிக்கொடுத்தால் பாதிப் பிழை தீரும் என்று நம்புகிறேன்.

செல்ஃப் அழுத்தத்துக்கும் வரும், நம் ஏகாரம் போல. வைகை அணையை 1959-இல் திறந்துவைத்தவர் அன்றைய முதலமைச்சர் காமராஜர். 'முதலமைச்சரே வந்து திறந்துவைத்தார்' என்பதற்கு 'த சீஃப் மினிஸ்டர் ஹிம்செல்ஃப் ஓப்பன்ட் த டேம்' என்று எழுதலாம். அதில் ஹிம்செல்ஃப் என்பதை எடுத்துவிட்டாலும் வாக்கியம் முழுசாக நிற்கும். தண்ணீரில் முகம் பார்த்த பையனின் வாக்கியத்தில் அதை எடுத்துப் பாருங்கள், யாரைப் பார்த்தான் என்பதே போய்விடும். சந்தேகம் வந்தால் இப்படி எடுத்துப் பார்ப்பதே நல்ல சோதனை. 'பை மைசெல்ஃப்' என்பது வேறு, துணையில்லாமல் தனியாக என்று பொருள்.

படித்துப் பெரிய வேலையில் இருப்பவர்களும் கடிதத்தில் 'ப்ளீஸ் கான்டாக்ட் மைசெல்ஃப்' என்று எழுதுகிறார்கள். 'மீ' என்றால் மரியாதைக் குறைவு என்ற எண்ணம் போலும். அதில் குறைவு ஒன்றுமில்லை. தொடர்புகொள்ளப் போகிறவர் நீங்கள், தொடர்புகொள்ளப்படுகிறவர் நான், ஆள் இரண்டு. ஆகவே 'கான்டாக்ட் மீ.' விருந்தில் 'ஹெல்ப் யுவர்செல்ஃப்' என்கிறார்களே, அதில் எடுப்பவரும் நீங்கள்தான், சாப்பிடுபவரும் நீங்கள்தான்.