கடைசித் தாளில் ஒரு வரைபடம்

1932 பிப்ரவரியில் சி.எஸ். லூயிஸ் தன் பால்ய நண்பர் ஆர்தர் கிரீவ்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். பெரிய புத்தகம் ஒன்றை முழுசாக ருசிக்கத் தான் என்னவெல்லாம் செய்வேன் என்று அதில் சொல்கிறார். முதலில், அட்டையை ஒட்டிய வெற்றுத் தாளில் கதை நடக்கும் இடத்தின் வரைபடம். அடுத்து, ஒன்றிரண்டு வம்சாவளிகள். பிறகு ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும், அங்கே நடப்பதைச் சொல்லும் ஒரு சிறு தலைப்பு. கடைசியில், அடிக்கோடிட்ட இடங்களுக்கெல்லாம் ஒரு பட்டியல்.

'நார்னியா' கதைகளின் முதல் புத்தகம் வெளிவர அப்போது இன்னும் 18 ஆண்டுகள் இருந்தன. நார்னியாவைப் படைக்கத் தொடங்குவதற்கு முன்பே, மற்றவர்கள் படைத்த உலகங்களுக்குள் பென்சிலோடு நடந்தவர் லூயிஸ். அவருடைய நூலகத்தின் 2,000க்கும் மேற்பட்ட புத்தகங்கள் இன்று அமெரிக்காவில், வீட்டன் கல்லூரியின் வேட் மையத்தில் இருக்கின்றன. பலவற்றின் ஓரங்களில் அவர் கையெழுத்தும் இருக்கிறது.

எந்தப் புத்தகத்துக்கும் குறிப்பு எழுதலாம். ஆனால் ஃபேன்டஸி நாவல்கள் அதைக் கேட்டு வாங்கும். ஊர், அரச வம்சம், நாணயம், கடவுள் எல்லாமே அங்கே புதிது. அதோடு, கதை முடியப் பல ஆண்டுகள் ஆகும். ராபர்ட் ஜோர்டனின் 'வீல் ஆஃப் டைம்' வரிசை 1990இல் தொடங்கியது. 2007இல் ஜோர்டன் காலமானார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் எழுதி முடித்த பதினான்காம் பாகம் 2013இல் வந்தது. முதல் பாகத்தில் ஒரு சத்திரத்தில் தலைகாட்டிப் போனவரை, 23 ஆண்டுகள் கழித்து எந்த வாசகருக்கு நினைவிருக்கும்?

அதற்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒரு நாவலுக்கு நான்கைந்து பக்கங்கள். கதைச் சுருக்கம் தேவையே இல்லை, அது பின்னட்டையிலேயே கிடைக்கும். பெயர்கள், இடங்கள், கேள்விகள், ஊகங்கள் என்ற நான்கு தலைப்புகளுக்குள் வேண்டியது எல்லாம் அடங்கிவிடும். ஒவ்வொரு குறிப்பின் பக்கத்திலும் தேதி மட்டும் தவறக் கூடாது.

அர்சுலா லெ குவின் 1968இல் வெளியிட்ட 'எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ' நாவலை எடுத்துக்கொள்ளலாம். தீவுக்கூட்டத்தின் வரைபடத்தைப் போட்டுக்கொண்ட பிறகே அவர் கதையைத் தொடங்கினார். அதன் நாயகனுக்கு மூன்று பெயர்கள். சிறுவயதில் டூனி, ஊரார் அழைப்பது ஸ்பாரோஹாக், நம்பிக்கைக்கு உரியவர்கள் மட்டுமே அறிந்த உண்மைப் பெயர் கெட். அந்த உலகில் ஒருவரின் உண்மைப் பெயரை அறிந்தவருக்கு அவர் மேல் அதிகாரம் உண்டு. யார், எந்த இடத்தில், எந்தப் பெயரால் அவனைக் கூப்பிடுகிறார்கள் என்று குறித்துக்கொண்டே போனால், யார் யாரை நம்புகிறார்கள் என்ற கதை நோட்டில் தனியாக விரியும். தமிழில் குறிப்பெடுப்பவருக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஆங்கில எழுத்தைப் பார்த்தால் ஜெட்டா, கெட்டா என்று குழப்பம் வரும். தமிழில் ஒருமுறை எழுதிவிட்டால் அந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கெட்டின் நிறத்தையும் குறித்து வைப்பது நல்லது. செம்பழுப்புத் தோல் என்று லெ குவின் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்வார். அதைத் தவறவிட்டவர்கள் பலர். அவனை வெள்ளைக்காரனாக வரைந்த அட்டைகளோடு பதிப்புகள் வந்தன, லெ குவின் அதை எதிர்த்துப் பேச வேண்டியிருந்தது.

கேள்விப் பகுதியில் ஒரு வாசகி, 'ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் ஏன் பெண்களே இல்லை?' என்று எழுதி வைத்திருக்கலாம். எர்த்ஸீ வரிசையின் மூன்றாம் நாவல் 1972இல் வந்தது. அதிலும் பதில் இல்லை. 1990இல் வந்த 'டெஹானு'வில் லெ குவினே அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார்.

ஊகங்களையும் முதல் அபிப்பிராயங்களையும் அடிக்காமல், திருத்தாமல் விட வேண்டும். இதற்கும் லூயிஸிடமே சான்று இருக்கிறது. டோல்கீனின் 'தி ஹாபிட்' 1937 செப்டம்பரில்தான் அச்சானது. அதன் கைப்பிரதியை லூயிஸ் 1933இன் தொடக்கத்திலேயே படித்துவிட்டார். படித்த சூட்டில் கிரீவ்ஸுக்கு எழுதிய கடிதத்தில் மகிழ்ச்சி பொங்குகிறது. கூடவே, முடிவு நன்றாக வந்திருக்கிறதா, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பிடிக்குமா என்ற சந்தேகங்களும் இருக்கின்றன. புத்தகம் வெளிவந்ததும் 'டைம்ஸ் லிட்டரரி சப்ளிமென்ட்'டில் பெயரில்லாமல் மதிப்புரை எழுதியவரும் அவரே. அதில், இது காலத்தை வென்று நிற்கக்கூடிய நூல் என்று கணித்தார். கடிதம் அழியாமல் இருப்பதால், ஒரே வாசகரின் சந்தேகத்தையும் நம்பிக்கையையும் இன்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

அதே நாவலை 1937இல் படித்து, குகைக்குள் நடக்கும் விடுகதைப் போட்டியைப் பற்றிக் குறிப்பெடுத்த ஒருவர், 1951 பதிப்பைத் திறந்தால் திகைத்துப் போவார். பழைய பதிப்பில் தன் மோதிரத்தைப் பந்தயமாக வைத்தவனே, அந்தக் குகையில் வாழும் கொல்லம்தான். தோற்ற பிறகு, மோதிரம் காணோமே என்று மன்னிப்புக் கேட்டு, வெளியேறும் வழியையும் காட்டிவிடுவான். அப்போது எழுதிக்கொண்டிருந்த பெரிய கதைக்கு அந்த மோதிரத்தின் கொடூரம் தேவைப்பட்டதால், டோல்கீன் அத்தியாயத்தையே மாற்றினார். புதிய பதிப்பில் கொல்லம் ஆத்திரத்தில் கத்துகிறான். பழைய நோட்டு இல்லாதவர், தன் ஞாபகம்தான் பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

சில குறிப்புகள் எழுதியவரின் மேசையைத் தாண்டியும் போகும். ராபர்ட் ஃபாஸ்டர் என்ற வாசகர், டோல்கீனின் உலகில் வரும் பெயர்களுக்கு விளக்கம் எழுதி 1960களில் ரசிகர்களின் சிற்றிதழில் வெளியிட்டுவந்தார். அது 1971இல் புத்தகமானது, 1978இல் விரிந்த பதிப்பும் வந்தது. தந்தையின் கதைக்கு வரைபடங்கள் வரைந்தவர், அவருடைய கைப்பிரதிகளைப் பதிப்பித்தவர் கிறிஸ்டோபர் டோல்கீன். அவரே, அந்தக் கையேட்டைத் தானும் அடிக்கடி எடுத்துப் பார்ப்பதாக எழுதியிருக்கிறார்.

ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' வரிசையின் ஐந்தாம் பாகம் வந்தது 2011இல். அதை அன்று படித்து முடித்த கையோடு, அடுத்து யார் பிழைப்பார், யார் அரியணை ஏறுவார் என்று தேதி போட்டு எழுதி வைத்தவர்கள் உண்டு. ஆறாம் பாகத்துக்கென்று அவர்கள் விட்ட பக்கங்களில் கோடுகள் மட்டும் இருக்கின்றன.