அஞ்சிய நெஞ்சும் அழியா நினைவும்

வெளி மாநிலங்களில் நெடுநாள் வாழ்ந்துவரும் நம் குடும்பத்து முதியோரைக் கேட்டுப் பாருங்கள். ஊரிலிருந்து துயரச் செய்தியுடன் தந்தி வந்த நாளை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கதவு தட்டப்பட்ட நேரம், அடுப்பில் பாதி வெந்திருந்த பருப்பு, கையெழுத்திட வாங்கிய பென்சில் யாவும் இன்றும் அவர்கள் கண்முன் நிற்கும். அதற்கு முந்தின நாள் என்ன சமைத்தீர்கள் என்று வினவினாலோ விடை வாராது. 2013ஆம் ஆண்டு ஜூலையில் நம் நாட்டில் தந்தி முறையே நிறுத்தப்பட்டது. அந்த நினைவு மங்கவில்லை.

இவ்வேறுபாட்டிற்குரிய காரணங்களுள் ஒன்று நம் மூளைத்தண்டில் உள்ளது. அங்கே இரு புறமும் நீலம் பாய்ந்த சிறு திட்டு ஒவ்வொன்று உண்டு. 'நீல இடம்' என்னும் பொருள்பட லத்தீன் மொழியில் அதனை லோகஸ் செருலியஸ் என்பர். மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்க, இத்திட்டுகளில் இருப்பவை சில பதினாயிரமே. ஆயினும் அவற்றின் இழைகள் மூளையின் பெரும்பகுதிக்கும் சென்று, நார்அட்ரினலின் என்னும் பொருளை ஆங்காங்கே வெளியிடுகின்றன. இப்பொருள் நரம்புகளின் செய்தியைக் கடத்துவது என்பதை 1946ஆம் ஆண்டில் கண்டறிந்தவர் ஸ்வீடன் நாட்டு அறிஞர் உல்ஃப் வான் ஆய்லர். 1970இல் நோபெல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர்.

புதுமையோ ஆபத்தோ எதிர்ப்படும்போது அந்த நீல அணுக்கள் விழித்தெழும். அவை வெளியிடும் நார்அட்ரினலின், உணர்ச்சிக்குரிய அமிக்டலா என்னும் பகுதியைத் தூண்ட, அது நினைவைப் பதிக்கும் பகுதிகளை ஊக்குகிறது. பழகிய பொருளே மீண்டும் மீண்டும் வருமாயின் அவை அடங்கிவிடும்.

இதனை மனிதரிடத்தில் சோதித்தவர்கள் கலிபோர்னியாவைச் சேர்ந்த லாரி காஹில், ஜேம்ஸ் மெக்காஃப் முதலியோர். ஆண்டு 1994. தாயுடன் செல்லும் ஒரு சிறுவனின் கதையைப் படங்களுடன் கூறினர். சிலருக்குச் சொன்ன கதையில் சிறுவன் விபத்திற்குள்ளாகிறான். துண்டான அவன் பாதங்களை மருத்துவர் மீண்டும் பொருத்துகின்றனர். மற்றவர்க்குச் சொன்னதில், மருத்துவமனையில் நடக்கும் விபத்துப் பயிற்சியை அவன் வேடிக்கை பார்க்கிறான், அவ்வளவே. கேட்டவருள் ஒரு பகுதியினர்க்கு, நார்அட்ரினலின் வேலையைத் தடுக்கும் புரோப்ரனலால் என்னும் மாத்திரை முன்னரே தரப்பட்டது. ஒரு வாரம் கழித்து வினவியபோது, மாத்திரை உண்ணாதவர் விபத்துக் கதையின் துயரப் பகுதியை நன்கு நினைவு கூர்ந்தனர். உண்டவரிடம் அச்சிறப்பு இல்லை. சாதாரணக் கதையையோ இரு சாராரும் ஒன்றுபோலவே நினைவில் வைத்திருந்தனர்!

அப்படியாயின் அச்சுறுத்திக் கற்பித்தால் பாடம் நன்கு பதியுமே என்று எண்ணலாம். அங்கேதான் நாம் தவறுகிறோம். 1908இலேயே அமெரிக்க அறிஞர் யெர்க்ஸும் டாட்சனும் எலிகளைச் சோதித்து, கடினமான பாடத்தை மிகுந்த அதிர்ச்சி கெடுக்கிறது என்று கண்டனர். நெற்றிக்குப் பின்னுள்ள சிந்தனைப் பகுதிக்கு நார்அட்ரினலின் அளவோடு கிடைத்தால் வலிமை, மிகுந்தால் தளர்ச்சி. யேல் பல்கலைக் கழகத்து ஏமி ஆர்ன்ஸ்டன் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். வீட்டில் ஒப்பித்த பாடம் பரீட்சை மண்டபத்தில் மறந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம். அன்றியும், அஞ்சிய மனம் எது அச்சுறுத்துகிறதோ அதனையே பற்றிக்கொள்ளும், சுற்றியுள்ளவை நழுவிவிடும்.

நாம் இதனைப் பட்டறிந்தோம். பள்ளியில் தமிழ் இல்லாத ஊரில், நம் மகளுக்கு ஞாயிறுதோறும் வீட்டிலேயே எழுத்துக் கற்பித்தோம். 'பறவை' என்பதைப் 'பரவை' என்று எழுதினால் மேசை அதிரத் தட்டுவோம். வளர்ந்தபின் ஒருநாள் கேட்டோம்: எந்த 'ற' என்பது அவளுக்கு இன்றும் ஐயமே; நாம் தட்டிய அளவுகோலின் நிறத்தை மட்டும் தயங்காமல் சொன்னாள்.

இப்பொழுது அவள் மகனுக்குக் கற்பிக்கிறோம். நீல அணுக்களை எழுப்புவதற்கு அச்சமே வேண்டுமென்பதில்லை, புதுமையும் போதும் அல்லவா? எழுத்துக்களை அட்டையில் எழுதி வீடெங்கும் ஒளித்து வைக்கிறோம். சென்ற மாதம் அரிசி டப்பாவில் கை நுழைத்து அவன் எடுத்தது 'ற'. நேற்றுப் 'பறவை' எழுதச் சொன்னோம். எழுதிவிட்டு, "அரிசிக்குள்ளே இருந்த எழுத்துத்தானே, தாத்தா?" என்றான்.