"அவருக்கு வழக்கு இருக்கிறதாம்!" - நீதிமன்றப் பதிவுகளைப் பார்ப்பது எப்படி?

"அவருக்கு வழக்கு இருக்கிறதாம்." வெள்ளவத்தை காலி வீதியிலிருந்து கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதி வரை, ஒரு வியாபாரியின் நாணயத்தை ஒரே நாளில் கவிழ்த்துவிட இந்த ஒரு வசனம் போதும். யார் சொன்னது, எந்த வழக்கு, முடிந்ததா நடக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. மறுபுறத்தில், எதையும் விசாரிக்காமல் இலட்சக்கணக்கில் தவணைக்குச் சரக்குக் கொடுத்துவிட்டு, திரும்பி வந்த காசோலைகளை மேசை லாச்சியில் அடுக்கி வைத்திருப்போரும் எம்மிடையே இருக்கின்றனர். இரண்டு நோய்க்கும் மருந்து ஒன்றுதான். அது நீதிமன்றத்தின் பதிவு.

எனக்குத் தெரிந்த புறக்கோட்டைப் புடவை வியாபாரி ஒருவருக்கு, "மோசடி வழக்கில் இருக்கிறார்" என்ற கதையால் பல மாதங்கள் கடன் சரக்கு கிடைக்கவில்லை. வழக்கு இலக்கத்தைக் கேட்டுப் பார்த்தபோது வழக்கு உண்மைதான். ஆனால் அதில் அவர் எதிரியல்ல, பணத்தைப் பறிகொடுத்த முறைப்பாட்டாளர்! வாயால் வந்த செய்திக்கும் எழுத்திலுள்ள செய்திக்கும் இவ்வளவு தூரம்.

சட்டம் என்ன சொல்கிறது?

எமது அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரைப்படி நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமாக நடைபெற வேண்டும். எவரும் சென்று அமர்ந்து கேட்கலாம். குடும்ப உறவுகள், பாலியல் விடயங்கள், தேசிய பாதுகாப்பு போன்றவற்றில் மட்டும் நீதிபதி வெளியாரை விலக்கலாம். 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, நீதித்துறையின் செயல்களைப் பதியும் ஆவணங்களைப் பகிரங்க ஆவணங்கள் என்கிறது. பார்வையிட உரிமையுள்ள ஒருவர் கட்டணம் செலுத்திக் கேட்டால், உண்மைப் பிரதி எனச் சான்றுபடுத்திக் கொடுக்க வேண்டும் என்பது 76ஆம் பிரிவு.

"பார்வையிட உரிமையுள்ள ஒருவர்" என்ற சொற்களைக் கவனியுங்கள. நீதிமன்றக் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது; பதிவறைக் கதவு காரணம் கேட்டுத்தான் திறக்கும்.

எந்த நீதிமன்றத்தில் தேடுவது?

வியாபாரத்தோடு தொடர்புடைய குற்ற வழக்குகள் பெரும்பாலும் மூன்று வகை. பணமில்லை என்று தெரிந்தே காசோலை கொடுத்தல் 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க கடன் அறவீட்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் குற்றமாக்கப்பட்டுள்ளது. நம்பிக்கை மோசடியும் ஏமாற்றுதலும் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் வருபவை. இவை வழமையாக நீதவான் நீதிமன்றத்தில் ஆரம்பிக்கின்றன. பாரதூரமானவற்றில் சட்டமா அதிபர் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய, வழக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போகிறது.

கொழும்பில் புதுக்கடை, கோட்டை, மாளிகாகந்த, கல்கிசை என நீதவான் நீதிமன்றங்கள் பல உண்டு. எதிரி எங்கே வசிக்கிறார் என்பதை வைத்துத் தேடக்கூடாது. குற்றம் எங்கே நடந்தது, எந்தப் பொலிஸ் நிலையம் விசாரித்தது என்பதே முக்கியம். கொட்டாஞ்சேனைக்காரர் ஒருவர் வெள்ளவத்தைக் கடையில் மோசடி செய்தால், வெள்ளவத்தைப் பொலிஸார் அறிக்கையிடும் நீதிமன்றத்தில்தான் அந்த வழக்கு இருக்கும். எந்த நீதிமன்றம் என்பதை அந்தப் பொலிஸ் நிலையத்திலேயே கேட்டறியலாம்.

கொடுத்த கடனைத் திருப்பித் தராதது மட்டும் குற்றமாகாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஏமாற்றும் எண்ணம் இல்லாத வெறும் கடன் பாக்கி, மாவட்ட நீதிமன்றத்தின் சிவில் வழக்காகவே இருக்கும். அதைக் குற்றவியல் பதிவுகளில் தேடிப் பயனில்லை.

பெயர் அல்ல, இலக்கமே சாவி

நீதவான் நீதிமன்றங்களில் ஒருவரின் பெயரைச் சொல்லி, "இவர் மேல் என்னென்ன வழக்கு உண்டு?" என்று கேட்டுப் பெறும் வசதி பொதுமக்களுக்கு இல்லை. கோவைகள் இலக்கப்படியே வைக்கப்படுகின்றன. ஒரே விவகாரத்துக்குப் பல இலக்கங்கள் வருவதுதான் பலரைக் குழப்புகிறது. முதலில் பொலிஸ் நிலையத்தின் முறைப்பாட்டு இலக்கம். அடுத்து, பொலிஸார் நீதவானுக்கு விசாரணை விபரம் சமர்ப்பிக்கும்போது இடப்படும் "பீ" அறிக்கை இலக்கம். குற்றச்சாட்டு முறையாகத் தாக்கல் செய்யப்பட்ட பின் புதிய வழக்கு இலக்கம். மேல் நீதிமன்றத்துக்குப் போனால் இன்னொன்று. "பீ" இலக்கம் மட்டும் இருக்கிறதென்றால் விசாரணை நடக்கிறது என்றே பொருள். குற்றச்சாட்டு இன்னும் வராமல் இருக்கலாம்.

ஆகவே பதிவாளர் அலுவலகத்துக்குப் போகுமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டியவை: நீதிமன்றத்தின் பெயர், வழக்கு அல்லது "பீ" இலக்கம், பொலிஸ் நிலையம், இரு தரப்பாரின் பெயர்கள், கடைசியாக அழைக்கப்பட்ட திகதி. இலக்கம் தெரியாவிட்டாலும் அழைக்கப்பட்ட திகதி தெரிந்தால், அன்றைய வழக்குப் பட்டியலிலிருந்து கண்டுபிடிக்க வாய்ப்புண்டு.

விண்ணப்பிக்கும் முறை

வழக்கின் தரப்பாராக இருந்தால் வேலை இலகு. நீங்களோ உங்கள் சட்டத்தரணியோ பதிவாளரிடம் எழுத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்திப் பிரதி பெறலாம். முழுக் கோவையும் வேண்டுமா, தீர்ப்பு மட்டும் போதுமா, குறித்த நாளின் கட்டளை மட்டுமா என்று தெளிவாக எழுதுங்கள். நாளும் பணமும் மிச்சமாகும். நீதவானின் தீர்ப்புக்கு எதிராக மேன்முறையீடு செய்ய 14 நாட்களே உள்ளதால், பாதிக்கப்பட்டவர் பிரதிக்குத் தாமதிக்கக் கூடாது.

வெளியார் என்றால், ஏன் தேவை என்பதைக் காரணத்தோடு காட்டி, சட்டத்தரணி ஊடாக மோஷன் போடுவதே சரியான வழி. அனுமதிப்பதா இல்லையா என்பது நீதவானின் தீர்மானம். "பங்காளியாகச் சேரப்போகிறேன்", "அதே நபருக்கு எதிராக எனக்கும் வழக்குண்டு" என்பன சொல்லக்கூடிய காரணங்கள். வெறும் ஆவல் காரணமாகாது.

நீதிமன்ற வாசலில் "நான் எடுத்துத் தருகிறேன்" என்று வருவோரிடம் பணம் கொடுக்க வேண்டாம். பற்றுச்சீட்டு இல்லாத கட்டணம் கட்டணமல்ல. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்படி இலஞ்சம் வாங்குவது போலவே கொடுப்பதும் குற்றம்.

சிங்களத்தில் இருக்கிறதே!

கொழும்பு நீதிமன்றப் பதிவுகள் சிங்களத்தில் இருப்பதால் எம்மவர்களில் பலர் தயங்குகின்றனர். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி, நீதிமன்ற மொழி தெரியாத தரப்பாருக்கு மொழிபெயர்ப்பாளரைப் பெறவும், சட்டப்படி தாம் பெறத்தக்க பதிவின் பகுதியைத் தமிழில் பெறவும் உரிமையுண்டு. தயங்காமல் எழுத்தில் கேளுங்கள்.

தகவல் சட்டமும் இணையமும்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் நீதிமன்றங்களையும் பகிரங்க அதிகாரசபையாகக் கொள்கிறது. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் ஒருவரின் தனிப்பட்ட தகவல்களையும், நீதித்துறையின் அதிகாரத்துக்கும் நடுநிலைமைக்கும் பங்கம் விளைவிக்கக் கூடியவற்றையும் மறுக்க அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு இடமளிக்கிறது. எனவே வழக்குக் கோவைக்கு இது குறுக்கு வழியல்ல. மேன்முறையீட்டு நீதிமன்றம், உயர் நீதிமன்றம் ஆகியவற்றின் தீர்ப்புகளை மட்டும் அவற்றின் இணையத்தளங்களில் இலவசமாகப் படிக்கலாம்.

கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

கோவை கைக்கு வந்ததும் முறைப்பாட்டைப் படித்துவிட்டு முடிவுக்கு வருவதே பெரும் தவறு. முறைப்பாடு ஒரு தரப்பின் பேச்சு. பிணை வழங்கப்பட்டதும் பிடியாணை பிறப்பிக்கப்பட்டதும் குற்றவாளி என்பதற்கு அத்தாட்சியல்ல. குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒவ்வொருவரும் நிரபராதி என்கிறது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. இறுதிக் கட்டளை என்ன? விடுதலையா, இணக்கமா, தண்டனையா? தண்டனையென்றால் மேன்முறையீடு உண்டா? இவற்றுக்கு விடை கடைசிப் பக்கங்களில் இருக்கும்.

எமது சமூகத்தில் பெயர்க் குழப்பமும் அதிகம். முதலெழுத்துகளும் ஒன்றாய், பெயரும் ஒன்றாய் ஒரே தெருவில் நால்வர் இருப்பர். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதும் பெயர் சிங்களத்துக்குப் போகும்போது இன்னொரு வடிவமெடுக்கும். அடையாள அட்டை இலக்கமும் முகவரியும் பொருந்தாமல் "இவர்தான் அவர்" என்று சொல்வது அநியாயம்.

இதைவிட நேரான வழியும் உண்டு. பங்காளியாக வருபவரிடமே கேளுங்கள். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த கடன் தகவல் பணியகத்திலிருந்து தம்மைப் பற்றிய அறிக்கையை அவரே பெற்றுக் காட்டலாம். வழக்கு இருந்திருந்தால் இலக்கத்தையும் இறுதிக் கட்டளையின் பிரதியையும் தரலாம். மறைக்க ஏதுமில்லாதவர் தயங்கமாட்டார். தயக்கமே ஒரு தகவல்தான்.

சூரா அல்ஹுஜுராத் எமக்கு இரண்டு கட்டளைகளையும் சேர்த்தே தருகிறது. வந்த செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது. பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் தடுக்கிறது. கொடுக்கல் வாங்கலுக்குத் தேவையான அளவு விசாரிப்பது முதலாவது. பெற்ற பிரதியைப் போட்டோக்கொப்பி எடுத்துப் பள்ளிவாசல் முற்றத்திலும் வட்ஸ்அப்பிலும் பரப்புவது இரண்டாவதை மீறுவது. உங்கள் தேவைக்கு எடுத்த பிரதி உங்கள் லாச்சியிலேயே இருக்கட்டும். அடுத்த முறை யாராவது "அவருக்கு வழக்கு இருக்கிறதாம்" என்றால், "இலக்கம் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிக் கதைகள் அங்கேயே நின்றுவிடும்.

வல்ல அல்லாஹ் எமது வியாபாரங்களில் பரக்கத் செய்வானாக.