மருந்தெழுதும் உரிமையும் அமானிதமே!

பார்வை அல்லாஹ் அருளிய பெரும் நிஃமத். அதைக் காக்கும் பணியில் பிரிட்டன் 2008ஆம் ஆண்டில் புது வழியொன்றைத் திறந்தது. ஆப்டோமெட்ரிஸ்ட் எனப்படும் பார்வைப் பரிசோதகர்கள், மேற்பயிற்சி பெற்றால், டாக்டரின் கையொப்பத்துக்குக் காத்திராமல் தாமே கண் மருந்து எழுதித் தரலாம்.

இதற்குப் பட்டம் மட்டும் போதாது. மருந்தியல் பயின்று, தகுதி பெற்றவரின் மேற்பார்வையில் நோயாளிகளைக் கண்டு பழகி, தேர்விலும் தேறிய பின்னரே ஜெனரல் ஆப்டிகல் கவுன்சில் தன் பதிவேட்டில் அத்தகுதியைக் குறிக்கும். அப்போதும் ஊசிமருந்து எழுத அனுமதியில்லை. தம் திறனுக்கு மீறிய நோயாளியை மருத்துவமனைக்கே அனுப்பவேண்டும்.

ஏன் இத்தனை கண்டிப்பு? கண் சிவப்பைத் தணிக்கும் ஸ்டீராய்டு சொட்டுமருந்தே, முறைதவறினால் கண்ணழுத்தத்தை உயர்த்திப் பார்வையைப் பறித்துவிடக்கூடும். கற்றவருக்கே இத்தனை கட்டுப்பாடு என்றால், கடையில் கேட்டு வாங்கிய சொட்டுமருந்தை நம் பிள்ளைகளின் கண்ணில் விடுவது தகுமா? சிந்திப்போமாக!