முடிஞ்சிடும் பிள்ளை

ஏ9 வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில் இருக்கும் சின்ன முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக இருக்கிறேன். புதிதாக வருபவர்கள் அழுதபடி இருப்பார்கள் என்றுதான் வெளியில் நினைக்கிறார்கள். அழுபவர்கள் குறைவு. பலர் உடுப்புப் பையை அவிழ்க்கவே மாட்டார்கள். கட்டிலுக்குக் கீழே கட்டியபடி கிடக்கும். அது அலுமாரிக்குள் ஏறினால்தான் ஆள் தங்கிவிட்டார் என்று நாங்கள் கணக்கெடுப்போம்.

வன்னிச் சனத்துக்குப் பை கட்டிப் பழக்கம். 1997இல் ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது ஓடினார்கள். 2008, 2009 இறுதிப் போரில் கிளிநொச்சி, தருமபுரம், புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று ஓடி, செட்டிகுளம் மனிக் பாம் முகாமில் வந்து விழுந்தார்கள். அந்த முகாம் முழுதாக மூடப்பட 2012 செப்ரெம்பர் ஆனது.

முள்ளியவளைப் பக்கத்து ஆச்சி ஒருவர் இருக்கிறார். மதியச் சாப்பாட்டு மணி அடித்து ஓய முன்னமே தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நிற்பார்.

"இருங்கோ ஆச்சி, கொண்டுவந்து தாறன்."

"முடிஞ்சிடும் பிள்ளை."

காலையில் கொடுத்த பாணில் பாதி தலையணைக்குக் கீழே எறும்பு மொய்த்துக் கிடக்கும். மறதி என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மணியும் வரிசையும் அவருக்கு முகாமேதான். மணியை நிறுத்தினோம். சோற்றையும் கறிகளையும் மேசையில் வைத்து, வேண்டியதை அவரவரே போட்டுக்கொள்ள விட்டோம். மீன் தலைக்குச் சண்டை தொடங்கியது. எனக்கு அது நல்ல சகுனமாகவே பட்டது. பாண் துண்டு இப்பவும் இடைக்கிடை அகப்படும்தான்.

1976இல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லமொன்றில் நடத்திய ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பகுதியாரிடம், உங்கள் காரியங்களை நீங்களே தீர்மானியுங்கள் என்று சொல்லி, ஆளுக்கொரு செடியை வளர்க்கக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கும் செடி உண்டு, தண்ணீர் ஊற்றுவது தாதிமார். மூன்று கிழமையில் முதற்பகுதியார் கூடுதலாகக் கலகலத்தார்கள், மற்றவர்களோடு பழகினார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் மீன் தலைச் சண்டையைப் பார்த்தவளுக்கு நம்பக் கஷ்டமில்லை.

ஆண்கள் பக்கம் சிக்கல் வேறு. வவுனிக்குளத்தில் வயல் வைத்திருந்த ஐயா ஒருவர், பக்கத்துக் கட்டில்காரரோடு வாய் திறக்கவே இல்லை. அந்தக் கட்டில்காரர் 1977 கலவரத்தோடு மலையகத்திலிருந்து வந்து, வன்னி வயல்களில் கூலிக்கு நின்றவர். இருவருக்கும் நடுவிலிருந்த தண்ணிச் செம்பைக்கூட ஐயா தொடமாட்டார். முதுமை எல்லாரையும் சமமாக்கிவிடும் என்பது மேடைப் பேச்சு. எங்கள் விறாந்தையில் அதைச் செய்தது 304 கடுதாசி விளையாட்டு. அதற்கு நாலு பேர் வேண்டும், இருந்தது மூன்று பேர். வேறு வழியில்லாமல் ஐயா அவரைக் கூப்பிட்டார். இப்போது இருவரும் ஒரே கட்சி. துருப்பை வீணாக்கினால் கூலிக்கு நின்றவர்தான் ஐயாவை ஏசுவார்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் வீட்டுப் பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் இங்கே சாப்பாட்டுக்குக் காசு அனுப்புகிறார்கள், புண்ணியம். ஆனால் யாரென்றே தெரியாத குழந்தையின் படத்துக்கு முன்னால் நின்று பாடிய பிறகுதான் கை கழுவலாம் என்பது எனக்குப் பிடிக்காது. என்ன சமைப்பது என்பதையும் காசு அனுப்புபவர்களே சொல்லிவிடுவார்கள். அண்மையில் ஒருவர் மட்டும், முதியவர்களிடமே கேளுங்கள் என்றார். கேட்டோம். பிரியாணி தோற்று, ஒடியல் கூழ் வென்றது.